எண்ணும் எண்ணெயும்

லிட்டருக்கு 33 கிலோமீட்டர்!

எதைப்பற்றிச் சொல்கிறேன் என்று எண்ணுகிறாய், தோழா? சம்பளத் தேதிக்குக் காத்திருந்து, தவணை கட்டி, ஒரு சொட்டுப் பெட்ரோலையும் எண்ணி எண்ணிச் செலவிடும் எழுத்தர் ஒருவரின் சிறு காரைப் பற்றியா? அல்ல, அல்ல. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேள். 4.6 லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர், அது போதாதென்று துணைக்கு மின்மோட்டார் இரண்டு, ஆக மொத்தம் 887 குதிரைகளின் ஆற்றல், மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வேகம், விலை 8,45,000 டாலர்! போர்ஷே 918 ஸ்பைடர் என்பது அதன் திருநாமம். 2013 முதல் 2015 வரையில், பெயருக்கேற்ப 918 கார்களே செய்தார்கள். செல்வச் சீமான்கள் வரிசையில் நின்று வாங்கிச் சென்றார்கள். அந்தக் காருக்குத்தான் ஐரோப்பியச் சோதனை முறை சான்று எழுதித் தந்தது: 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 3 லிட்டர் பெட்ரோல் போதும் என்று!

அதே கார் கப்பலேறி அமெரிக்கா சென்றது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையார் அதனைத் தம் முறைப்படி சோதித்தனர். பாட்டரியில் மின்சாரம் தீர்ந்தபின் காலனுக்கு 22 மைல் என்று எழுதினர். நம் கணக்கில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடலைக் கடந்ததும் கார் மாறிவிட்டதா? எஞ்சின் பருத்துவிட்டதா? இல்லை. அளக்கும் கோல் மாறியது, அவ்வளவே.

ஐரோப்பியர் எப்படி அளந்தனர் என்று பார். பாட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு முறை ஓட்டுவார்கள். அப்போது மின்சாரம் இழுக்கிறது. பெட்ரோலுக்கு வேலை இல்லை. பாட்டரி வெறுமையானபின் மறுமுறை ஓட்டுவார்கள். பிறகு இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலக்குவார்கள். அந்தச் சூத்திரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறது: வெறும் பாட்டரியோடு 25 கிலோமீட்டர் ஓட்டியதும், இந்தச் சீமான் ஒழுங்காக வீடு திரும்பி, மின்கம்பியைச் செருகி, மறுபடி சார்ஜ் ஏற்றிவிடுவார் என்று! 887 குதிரைகளை வாங்கியவர், 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்பி தேடுவாராம். நாடகம் எழுதிப் பிழைக்கும் நான்கூட இப்படி ஒரு பாத்திரத்தை மேடையேற்றத் துணியமாட்டேன், கொட்டகையே சிரித்துவிடும்.

"நமக்கென்ன இதில்? நாம் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்பவர்கள். பறக்கும் கார் எவ்வளவு குடித்தால் என்ன?" என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த எண் வெறும் அலங்காரமாக இருந்தால் நானும் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்த எண்ணைக்கொண்டு அரசு வரி போடுகிறது. அந்த எண்ணைக்கொண்டு, ஒரு நிறுவனம் சட்டத்தை மதித்ததா மிதித்ததா என்று தீர்ப்பளிக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் வாங்குகிறவன் மடியை அவிழ்க்கிறான். பங்கீட்டுக் கடையில் முத்திரையிட்ட எடைக்கல்லிலே குறை இருந்தால் ஊரையே கூட்டுகிறோமே, இதுவும் அரசாங்க முத்திரை பெற்ற எடைக்கல்தான். வேகக் காரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சிறு காரிலே மெல்லக் கண்சிமிட்டும் வித்தை, பெரிய காரிலே கூத்தாடுகிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

கதை 1973இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நீண்ட கார்களிலே நெடுந்தொலைவு சென்று பழகிய அமெரிக்க மக்கள், பெட்ரோல் நிலையங்களிலே நெடுவரிசையில் நின்றனர். செல்வம் கொழிக்கும் நாட்டிலே கையிலே காசிருந்தும் எண்ணெய் இல்லை! 1974இல் நாடு முழுதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. 1975 டிசம்பரில் இன்னொரு சட்டம்: ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரி மைலேஜை உயர்த்தியாகவேண்டும், 1985இல் காலனுக்கு 27.5 மைலை எட்டவேண்டும். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் மைலேஜ் எண்ணை ஒட்டவேண்டும். 1978இல் மூன்றாவது சட்டம்: 22.5 மைலுக்குக் கீழே இறங்கும் காருக்குத் தனி வரி. குடிகாரக் கார் வரி என்று நாம் பெயர் வைக்கலாம். அவர்கள் வைத்த பெயருக்கும் பொருள் ஏறத்தாழ அதுதான். இன்று அந்த வரி ஒரு காருக்கு 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர்வரை போகிறது. 1991இல் வைத்த விகிதம். அதன்பின் விலைவாசி எங்கோ போயிற்று, வரி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சட்டம் செய்தாயிற்று. அளப்பது எப்படி? சாலையிலே ஓட்டினால் ஒருநாள் மழை, ஒருநாள் வெயில், ஒருநாள் எதிர்க்காற்று. ஒரு காருக்கும் மறு காருக்கும் ஒப்புநோக்க முடியாது. ஆகவே கூரைக்குள்ளே, இரும்பு உருளைகள்மேல் காரை ஏற்றி நிறுத்தினார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. எரிந்த பெட்ரோலை நேராக அளப்பதில்லை. புகைக்குழாயில் குழாய் மாட்டி, வெளிவரும் புகையில் உள்ள கரியின் அளவை எண்ணி, அதிலிருந்து எரிந்தது எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். நல்ல முறைதான். அறிவியல் முறைதான். ஆனால், எப்படி ஓட்டுவது என்று வகுத்தார்களே, அங்கேதான் இருக்கிறது விஷயம்.

நகரச் சோதனை, 1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெருக்களிலே கண்ட ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனை 55 மைல் கட்டுப்பாட்டுக் காலத்துக் குழந்தை. சராசரி 48 மைல், உச்சம் 60. வேகம் கூட்டும் விதமும் மந்தம்தான். ஏன் தெரியுமா? அந்நாளைய உருளைப் பொறியினால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வினாடிக்கு மணிக்கு 3.3 மைல் என்பதே எல்லை. அந்தக் கணக்கில் 60 மைல் வேகத்தை எட்ட 18 வினாடி ஆகும்! பொறியின் பலவீனம், சோதனையின் விதி ஆயிற்று.

சிறு காட்சி ஒன்று எழுதிக் காட்டட்டுமா? பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள். இடம்: சோதனைச்சாலை. பாத்திரங்கள்: ஆய்வாளர், கார்.

ஆய்வாளர்: யார் நீ?

கார்: 455 குதிரைகளின் தலைவன்! நான்கே வினாடியில் 60 மைலை எட்டும் நாயகன்!

ஆய்வாளர்: அதெல்லாம் வெளியே. இங்கே 18 வினாடிக்கு முன்னால் எட்டக்கூடாது.

கார்: குளிர்காற்றுப் பொறியைப் போட்டுக்கொள்ளலாமா?

ஆய்வாளர்: கூடாது.

கார்: எதிர்க்காற்று வந்து மோதுமே?

ஆய்வாளர்: கூரைக்குள்ளே ஏது எதிர்க்காற்று? காற்றின் சுமைக்குப் பதிலாக உருளையே பிடித்து இழுக்கும்.

கார்: எவ்வளவு இழுக்கும்?

ஆய்வாளர்: உன் எசமானர் எழுதித் தந்த அளவுக்கு.

கார்: அப்படியானால், நான் பூனைபோல் நடந்து காட்டினால்...

ஆய்வாளர்: புலி என்று எழுதித் தருகிறேன். சிக்கனமான புலி!

திரை விழட்டும். காட்சி கற்பனை, விதிகள் கற்பனை அல்ல.

அமெரிக்க அரசை மட்டும் குறைகூறிவிட்டுப் போவது நேர்மையாகாது. சான்றெண்ணுக்கும் சாலைக்கும் பொருத்தமில்லை என்று மக்கள் முணுமுணுத்தனர்; அரசு கேட்டது. 1985 ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, நகர எண்ணில் 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் குறைத்தே ஒட்டவேண்டும் என்றது. நோய்க்கு மருந்து அல்ல அது, தழும்புக்குப் பூச்சு; எனினும் முதற்படி. 2008 மாடல்களிலிருந்து மேலும் மூன்று சோதனைகளைக் கணக்கில் சேர்த்தது. மணிக்கு 80 மைல்வரை விரட்டி ஓட்டும் சோதனை ஒன்று. 35 டிகிரி வெயிலிலே குளிர்காற்றுப் பொறியோடு ஓட்டும் சோதனை ஒன்று. உறைபனிக்கும் ஏழு டிகிரி கீழே ஓட்டும் சோதனை ஒன்று. போர்ஷேயின் உண்மை முகம் அமெரிக்காவிலே வெளிப்பட்டதற்கு இந்தத் திருத்தமும் ஒரு காரணம்.

அதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. எல்லாக் கார்களையும் அரசே சோதிப்பதாக எண்ணிவிடாதே. நிறுவனங்களே தத்தம் கார்களைச் சோதித்து எண்களை அனுப்புகின்றன. அவற்றுள் 15 முதல் 20 விழுக்காடு வரைதான் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஆய்வுக்கூடத்தில் அரசு மறுசோதனை செய்கிறது. மாணவனே விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணும் போட்டு அனுப்ப, ஆசிரியர் ஐந்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் பள்ளிக்கூடம்! (நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இப்படி ஒரு பள்ளிக்கூடம் உண்டென்று அப்போதே தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன்.)

இப்போது, சோதனைக்கென்றே காரைச் செதுக்கிய கதைக்கு வருவோம். 1989. ஷெவர்லே கார்வெட் என்பது அமெரிக்க இளைஞரின் கனவுக் கார். அந்த ஆண்டு அதற்கு ஆறு கியர் கொண்ட புதிய பெட்டி வந்தது. எஞ்சின் பெரிது, பசியும் பெரிது. குடிகாரக் கார் வரி வாசலிலே நிற்கிறது. என்ன செய்தனர்? எஞ்சினைச் சிறிதாக்கினரா? வேகத்தைக் குறைத்தனரா? கியர்ப்பெட்டியிலே ஒரு காவற்காரனை நிறுத்தினர்! முதல் கியரிலே மெதுவாகக் கிளம்பி, மணிக்கு 15 முதல் 20 மைல் அளவில் இரண்டாவது கியரைப் போடப் போனால், அந்த வழி அடைத்துக்கொள்ளும். கம்பி தானே நழுவி நான்காவது கியருக்குப் போய் உட்காரும். ஒன்றிலிருந்து நான்கு! இரண்டும் மூன்றும் எங்கே? சோதனைச்சாலைக் கணக்கிலே கரைந்துவிட்டன. நான்காவது கியரிலே எஞ்சின் மெல்லச் சுழலும், பெட்ரோல் குறையும், எண் உயரும், வரி விலகும். விலகவும் செய்தது.

வாங்கியவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? கொஞ்சம் அழுத்தி மிதித்தால் காவற்காரன் விலகிக்கொள்வான் என்று கண்டுகொண்டனர். அழுத்தி மிதித்தனர். அதாவது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க வைத்த பூட்டைத் திறக்கப் பெட்ரோலை அதிகமாகக் கொளுத்தினர்! பொறுமையில்லாதவர்களோ, சில பத்து டாலருக்குக் கடையிலே விற்ற சிறு மின்கருவி ஒன்றை வாங்கி மாட்டி, காவற்காரனை அடியோடு தூங்கவைத்தனர். கார் சோதனையிலே ஒரு விதமாக, சாலையிலே வேறு விதமாக ஓடிற்று. கண்ணாடியில் ஒட்டிய எண்ணோ மாறவில்லை. இத்தனைக்கும் சட்டப்படி எதுவும் பிழையில்லை. அதுதான் எனக்கு வியப்பு. அதுதான் எனக்கு வருத்தமும்.

சட்டத்தின் ஓட்டை இன்னொன்றைக் காட்டுகிறேன். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்காட் என்று ஒரு கார். 6.2 லிட்டர் எஞ்சின், 707 குதிரை. தானியங்கிக் கியர் கொண்ட அந்தக் காரின் மைலேஜ் காலனுக்கு 16 மைல். குடிகாரன்தான், 1,000 டாலருக்கு மேல் வரி கட்டினான். அதே குடும்பத்திலே, அதே எஞ்சினை, அதே 707 குதிரைகளோடு ஓர் உயர்ந்த வண்டியிலே பூட்டி, 2018இல் ஜீப் டிராக்ஹாக் என்று பெயர் சூட்டி விற்றனர். அதன் மைலேஜ் 13 மைல்! அதிகம் குடிப்பவன் இவன். வரி எவ்வளவு? ஒன்றுமில்லை. ஏன்? 1978 சட்டம் கார்களுக்கு; ஜீப்போ, சட்டத்தின் கண்ணிலே லாரி வகையைச் சேர்ந்தது! உழவர்களும் சிறு வணிகரும் சுமை ஏற்றும் வண்டிக்கு வரி வேண்டாம் என்று அன்று இரக்கப்பட்டு விட்ட வாசல் அது. அந்த வாசல் வழியாக, தோல் இருக்கையும் இன்னிசைப் பெட்டியும் கொண்ட பந்தய வண்டி, பாமரன் வேடத்திலே நுழைந்து போய்விட்டது. 16 மைல் ஓடுகிறவன் தண்டம் கட்டுகிறான்; 13 மைல் ஓடுகிறவன் கைவீசி நடக்கிறான்.

ஐரோப்பா எப்படி? பழைய ஐரோப்பியச் சோதனையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு 26 வினாடி கொடுத்திருந்தார்கள். மிதிவண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு முந்திச் செல்வார்! 11 கிலோமீட்டர் ஓட்டம், சராசரி வேகம் 34. உச்சமான 120ஐத் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடும். இதற்கும் மேலே, கதவிடுக்குகளை நாடாவால் ஒட்டுவது, டயரிலே காற்றை மிகுதியாக ஏற்றுவது, பாட்டரி சார்ஜ் ஆகாமல் துண்டித்துவிடுவது என்று சோதனைக்கு முன் செய்யும் ஒப்பனைகளும் அம்பலமாயின. விளைவு என்ன? தூய போக்குவரத்துக்கான அனைத்துலகக் குழு என்னும் ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் ஒப்பிட்டு எழுதிவந்தது. 2001இல் சான்றெண்ணுக்கும் சாலைக்கும் இடைவெளி 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 2015இல் ஏறத்தாழ 40 விழுக்காடு! சோதனை அதே சோதனைதான். பதினான்கு ஆண்டுகளில் சோதனையை வெல்லும் கலை வளர்ந்தது. கார் அந்த அளவுக்கு வளரவில்லை.

2017 செப்டம்பரில் புதுச் சோதனை வந்தது: 23 கிலோமீட்டர், அரைமணி நேரம், உச்சவேகம் 131. இடைவெளி சுருங்கிற்று, மறையவில்லை. ஆனால் ஐரோப்பியர் கூடவே ஒரு நல்ல காரியம் செய்தனர். 2021 முதல் புதுக் கார்களில், உண்மையில் எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்று காரே எழுதிவைக்கும் கருவியைக் கட்டாயமாக்கினர். அந்தக் கணக்கைத் திரட்டி 2024இல் ஐரோப்பிய ஆணையம் அறிக்கை வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் சான்றைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம் குடிக்கின்றன. சரி, போகட்டும். மின்கம்பியும் பெட்ரோலும் சேர்ந்த இரட்டை வாகனங்கள்? சான்றைப் போல் மூன்றரை மடங்கு! நான் முதலில் சொன்ன போர்ஷேயின் தம்பிமார்கள் அவர்கள். கம்பியைச் செருகுவார் என்று சூத்திரம் நம்பிற்று. சீமான் செருகவில்லை.

வேகக் காரோடு இது நின்றுவிட்டால், சீமான் வீட்டுச் சங்கதி என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. காரின் எசமானர் எழுதித் தரும் இழுவைக் கணக்கு என்றேனே, காட்சியிலே? அதைச் சாலையிலே காரை ஓட்டி, கியரை விலக்கி, தானே உருண்டு எவ்வளவு நேரத்தில் மெதுவாகிறது என்று பார்த்து எழுதவேண்டும். நம்முடைய இருங்காட்டுக்கோட்டையிலும் கார் செய்யும் ஹூண்டாய் நிறுவனமும் அதன் உடன்பிறப்பான கியாவும், பல ஓட்டங்களின் சராசரியை எடுக்காமல், தமக்குச் சாதகமாக வந்தவற்றை எடுத்துக்கொண்டன என்று அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. 2012 நவம்பரில் எண்கள் திருத்தப்பட்டன. ஏமாந்த உரிமையாளர்களுக்கு, கூடுதலாகச் செலவான பெட்ரோலின் விலையும் அதன்மேல் 15 விழுக்காடும் தருவதாக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2014 நவம்பரில் வழக்கு முடிந்தது: 12 லட்சம் வண்டிகள், 10 கோடி டாலர் அபராதம். அவை குடும்பம் நடத்துபவர்கள் வாங்கிய கார்கள், தோழா. பந்தயக் குதிரைகள் அல்ல. ஜப்பானில் 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம், தன் சிறு கார்கள் 6,25,000இன் சோதனைக் கணக்கைத் திரித்ததாகத் தானே ஒப்புக்கொண்டது. அவற்றுள் பெரும்பகுதியை நிசான் தன் பெயரில் விற்றுவந்தது. பிழையைக் கண்டுபிடித்ததும் நிசான்தான்.

எல்லாம் பொய், எல்லாரும் கள்வர் என்று முழங்கிவிட்டுப் போவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் முழு உண்மையாகாது. சான்றெண், ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடுவதற்குப் பயன்படுகிறது. உன் தெருவிலே, உன் காலிலே என்ன கிடைக்கும் என்று அது சொல்ல இயலாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 90 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு 78 விழுக்காடு கூடிவிடும். இதற்கு எந்தச் சோதனைச்சாலையும் பொறுப்பல்ல. மிதிக்கும் கால்தான் பொறுப்பு. வேகக் காரில் இந்தக் காலின் ஆட்சி மிகப் பெரிது. சிறு எஞ்சின் சோதனையிலும் தன் சக்தியில் பெரும்பங்கைக் காட்டியாகவேண்டும். சாலையில் மேலும் காட்ட அதனிடம் அதிகம் இல்லை. 400 குதிரைக் காரோ சோதனையில் சிறுபங்கைத்தான் தொடுகிறது. மிச்சமெல்லாம் "மிதி, மிதி" என்று அழைத்துக்கொண்டே இருக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சினை விரட்டி ஓட்டும்போது, உள்ளே வெப்பம் தாங்காமல், குளிர்விப்பதற்கென்றே கூடுதல் பெட்ரோலை ஊற்றும் வழக்கமும் உண்டு. ஓடுவதற்கு அல்ல, குளிர்வதற்கு! மாறாக, 2014இன் கார்வெட், 455 குதிரை கொண்டது, நெடுஞ்சாலைச் சான்றெண் 29 மைல். நேரான சாலையில் நிதானமாகச் சீராக ஓட்டினால் அந்த எண்ணை எட்டுவது அரிதன்று. மேல் கியர் அவ்வளவு நீளம். எஞ்சின் அரைத்தூக்கத்தில் சுழலும். ஆனால், அப்படி ஓட்டவா அதை வாங்கினான்?

எண்ணிலேயே இன்னொரு மயக்கம் உண்டு. ட்யூக் பல்கலைக்கழகத்து லாரிக், சோல் என்னும் இரு பேராசிரியர்கள் 2008இல் அதை எடுத்துக்காட்டினர். நம் கணக்கிலே சொல்கிறேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காரை 25 ஆக்கினால், 1,000 கிலோமீட்டரில் மிச்சம் 10 லிட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தரும் குடிகாரக் காரை 6 ஆக்கினால் மிச்சம் 33 லிட்டர்! ஐந்து கூடியது பெரிதாகத் தெரிகிறது, ஒன்று கூடியது அற்பமாகத் தெரிகிறது, உண்மை தலைகீழ். ஆகவே, நூறு சிறு கார்களை அதட்டுவதைவிட, நூறு பெருங்குடிகாரர்களை ஓரடி திருத்துவது நாட்டின் எண்ணெய்க்கு நல்லது. 2013 மாடல்களிலிருந்து அமெரிக்கச் சீட்டிலே 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் சேர்த்து அச்சிட வைத்தார்கள். கண்ணைத் திறக்கும் சிறு எழுத்து அது.

அமெரிக்கா அத்தனை தூரம் நடந்து வந்தது. பிறகு? சராசரி மைலேஜை எட்டாத நிறுவனங்கள் அபராதம் கட்டிவந்தன. ஹெல்காட்டையும் டிராக்ஹாக்கையும் விற்ற ஸ்டெல்லாண்டிஸ், 2018, 2019 மாடல்களுக்காக 23.55 கோடி டாலர் கட்டியது 2023இல் வெளிவந்தது. 2025 ஜூலையில் அதிபர் கையெழுத்திட்ட சட்டம் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. குறிக்கோள் ஏட்டிலே இருக்கிறது. தவறினால் தண்டம் சுழி! 1973இன் வரிசையிலே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாக்களிக்கிறார்கள். அந்த வரிசையைப் பற்றிப் பாட்டன் அவர்களிடம் சொன்னாரோ என்னவோ.

நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே காரின் மைலேஜ் என்று விளம்பரத்தில் வரும் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சிக் கழகம். 1966இல் வாகனத் தொழில் துறையும் இந்திய அரசும் சேர்ந்து அமைத்தது. அளக்கப்படுவோரும் அளப்போரும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பதைக் குறித்துக்கொள். அங்கே பின்பற்றிவரும் சோதனை ஓட்டம், நான் மேலே சொன்னேனே, 26 வினாடி மிதிவண்டிச் சோதனை, அந்தப் பழைய ஐரோப்பிய முறையின் திருத்திய வடிவம். ஐரோப்பியர் 120இல் தொட்ட உச்சத்தை நாம் 90 ஆக்கிக்கொண்டோம். நான்குவழிச் சாலை வராத காலத்துக்கு அது சரி. இன்று சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் கார்கள் 90இலா போகின்றன? ஐரோப்பா குப்பையில் போட்ட கோலை, நாம் கொஞ்சம் வெட்டிக் குறைத்து வைத்துக்கொண்டு அளக்கிறோம்.

அடுத்தமுறை யாரேனும் உறவினர் கார் வாங்கக் காட்சிக்கூடத்துக்கு அழைத்தால் கூடச் செல். "அண்ணே, லிட்டருக்கு இத்தனை என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வேகத்தில், குளிர்காற்றுப் பொறி போட்டா, போடாமலா, யார் ஓட்டிப் பார்த்தது?" என்று அந்த விற்பனைத் தம்பியிடம் பணிவாகவே கேள். பாவம், அவர் சிரிப்பார். அவரிடம் விடை இருக்காது. விடை சொல்ல வேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். சாலையிலே ஓடும் கார் உண்மையில் எவ்வளவு குடித்தது என்று காரிடமிருந்தே கணக்கு வாங்கி ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டதே, அதைப்போல இங்கு விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் கணக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை, தமிழிலும் அச்சிட்டு வெளியிட என்ன தடை என்று நம் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்கட்டும்.